வண்டி திரும்ப இடம் இருக்குதா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணி ஆனால், சோளக்காட்டில் அந்த வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். கனடாவில் அப்போது காலை எட்டு மணி. மகள் வீடியோ காலில் வருவாள். முதலில் அம்மா பேசுவார். சாப்பாடு, குளிர், முடி உதிர்வது, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று அது ஒரு இருபது நிமிடம் ஓடும். அப்பா கட்டிலில் உட்கார்ந்து தன் முறை வரும்வரை காத்திருப்பார். போன் அவர் கைக்கு வந்துவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் வண்டியில்தான் வந்து நிற்கும்.

அப்படி ஒரு ஞாயிறு அன்று, மகள் தன் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள். வெள்ளையும் சாம்பலுமாக ஒரு வரைபடம். நடுவில் பச்சை நிறத்தில் ஒரு கோடு நெளிந்து நெளிந்து போனது.

"இது என்ன ரோடு கண்ணு?"

"ரோடு இல்லப்பா. கடல். குளிர்ல உறைஞ்சு கிடக்குது. அது மேல எந்த வழியா வண்டி போகலாம்னு கம்ப்யூட்டர் போட்ட கோடு."

அப்பா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பச்சைக் கோடு ஓரிடத்தில் இரண்டு வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே குறுகிப் போவதை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்தச் சந்துக்குள்ள போனதுக்கு அப்புறம், அந்தாண்ட வழி அடைச்சிருந்தா? வண்டி திரும்ப இடம் இருக்குதா?"

மகளிடம் பதில் இல்லை. மூன்று வருடமாக அவள் செய்துவந்த ஆராய்ச்சியில் அந்தக் கேள்விக்கென்று ஓர் எண்கூட இல்லை. பேச்சை மாற்றி, "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

எழுபது வளைவும் ஒரு ஜீப்பும்

அப்பா 31 வருடம் ஜீப் ஓட்டியவர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சுற்றுலா வருபவர்கள் ஒவ்வொரு வளைவிலும் நம்பர் பலகையோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அவருக்கு அது ஒரு பாதையே இல்லை. "அது தார் ரோடு. பஸ்ஸே போவுது. அதுல என்ன இருக்குது?" என்பார். அவருடைய பாதைகள் அதற்கு அப்பால் இருந்தன. சோளக்காட்டிலிருந்தும் செம்மேட்டிலிருந்தும் உள்ளே பிரிந்து, காட்டு வழியாகக் குக்கிராமங்களுக்குப் போகும் மண் தடங்கள். அன்னாசி, பலா, வாழைத்தார், மிளகு மூட்டை, ரேஷன் அரிசி, பிரசவத்துக்குப் போகும் பெண்கள் என எல்லோரும் எல்லாமும் அவர் ஜீப்பில் ஏறியிருக்கிறார்கள்.

மழை பெய்த மறுநாள் அந்தத் தடங்களில் வண்டி ஓட்டுவதற்கு அவர் வைத்திருந்த விதிகளை எங்கும் எழுதி வைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பின்சீட்டில் ஏறிக்கொள்ளும் மகள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். செம்மண் பளபளவென்று மின்னினால் வழுக்கும், சொரசொரவென்று இருந்தால் பிடிக்கும். புல் மூடிய பள்ளத்தை நம்பாதே. முன்னால் போன வண்டியின் தடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்தத் தடத்திலேயே போகாதே, ஒரு சக்கரத்தையாவது மேட்டில் வை. மேடு ஏறும் முன்பே கியரை மாற்று, ஏறும்போது மாற்றாதே.

சென்னையில் பொறியியல் முடித்து, மேற்படிப்புக்குக் கனடா போனபோது, தரைக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு தனித் துறையே இருப்பதை அவள் தெரிந்துகொண்டாள். போலந்தில் பிறந்த பெக்கர் என்ற பொறியாளர் 1956-இல் அதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதியிருந்தார். மண் எவ்வளவு அமுங்கும், சக்கரம் எப்போது வழுக்கும் என்று கணக்குப் போட்டவர். பிறகு நிலாவில் ஓடிய அமெரிக்க வண்டிக்கும் அவர் கணக்குதான் உதவியது. அதைப் படித்த அன்று அவள் வீட்டுக்குப் போன் செய்து, "அப்பா, நீங்க சொல்றதைத்தான் இவர் கணக்கா எழுதி வச்சிருக்கார்" என்றாள். "கணக்கு நமக்கு வராது கண்ணு" என்று அவர் சிரித்தார்.

கடல் மேல் ஒரு வரப்பு

அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, கரடுமுரடான கடல் பனிக்கட்டியின் மேல் வண்டிகள் எப்படிப் போகும் என்பதைக் கணினியில் கணிப்பது. கொல்லிமலைப் பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது என்று அவளுடைய தோழிகள் கேட்டார்கள். பனியை அவள் முதன்முதலில் பார்த்ததே 24 வயதில்தான்.

கடல் உறைந்தால் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். காற்றில்லாத நாளில் உறைந்தால் அப்படித்தான். ஆனால் உறைந்துகொண்டிருக்கும்போதே காற்றும் நீரோட்டமும் பனிப்பாளங்களை ஒன்றோடொன்று மோதவிடும். மோதிய இடத்தில் பாளங்கள் உடைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வரப்பு போல நீளமாகக் குவிந்துவிடும். சில வரப்புகள் ஆள் உயரம், சில அதற்கும் மேல். கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகமான பனிக்கட்டி தண்ணீருக்கு அடியில் இருக்கும். வரப்புக்கும் வரப்புக்கும் நடுவே சமதளம், சந்து, உடைந்த கற்குவியல் போன்ற பகுதிகள். மேலே பனித்தூள் மூடி எல்லாவற்றையும் ஒரே நிறமாகக் காட்டும்.

கனடாவின் வடகோடியில் இருக்கும் கேம்பிரிட்ஜ் பே போன்ற ஊர்களில் வாழும் இனுயிட் மக்களுக்கு வருடத்தில் பாதிக்கு மேல் இந்த உறைந்த கடல்தான் சாலை. மற்ற ஊர்களுக்குப் போக வேறு சாலை கிடையாது. ஸ்னோமொபைல் என்ற சங்கிலிப்பட்டை வண்டியின் பின்னால் கமுட்டிக் என்ற நீளமான மரச் சறுக்குவண்டியைக் கட்டிக்கொண்டு, மீன் பிடிக்கவும் வேட்டைக்கும் நீரிணையைக் கடந்து போவார்கள். அந்தச் சறுக்குவண்டியில் குறுக்குப் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால்தான் கட்டுவார்கள். மேடு பள்ளத்தில் உடையாமல் வளைந்து கொடுக்க வேண்டும் அல்லவா? இதைக் கேட்டபோது அப்பா, "நம்ம ஜீப்புப் பட்டை மாதிரி" என்று தலையாட்டினார்.

எந்த மாதத்தில் எந்த வழி உறுதியாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஆனால் கடல் இப்போது பிந்தி உறைகிறது, முந்தி உருகுகிறது. தாத்தா போன வழி பேரனுக்கு அதே தேதியில் திறந்திருப்பதில்லை. அதனால்தான் இந்தத் துறையில் இப்போது இவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள். ஸ்மார்ட்ஐஸ் என்ற அமைப்பு, சறுக்குவண்டியில் வைத்து இழுத்துப் போகும் ஒரு கருவியால் பனிக்கட்டியின் தடிமனை அளக்க உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. அலாஸ்காவில் உட்கியாக்விக் ஊரின் திமிங்கில வேட்டைக்காரர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் பனி வரப்புகளைக் கோடாரியால் வெட்டிப் பாதை போடுகிறார்கள். அந்தப் பாதைகளை விஞ்ஞானிகள் அவர்களோடு சேர்ந்து வருடா வருடம் அளந்து வரைபடமாக்கியிருக்கிறார்கள்.

மகளின் வேலை செயற்கைக்கோள் படத்திலிருந்து தொடங்கும். வடதுருவத்தில் குளிர்காலம் முழுக்க இருட்டு, மேலே மேகம். சாதாரண கேமராவுக்கு வேலை இல்லை. ரேடார் செயற்கைக்கோளுக்கு இரண்டும் பொருட்டில்லை. சமமான பனிக்கட்டியில் பட்ட ரேடார் அலை வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், அதனால் படத்தில் கறுப்பாகத் தெரியும். கரடுமுரடான இடத்தில் பட்டால் திரும்பி வரும், வெள்ளையாகத் தெரியும். அந்தப் படத்தை 40 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு 'விலை' வைப்பாள். சமதளம் என்றால் குறைந்த விலை. மேடு பள்ளம் என்றால் அதிகம். வரப்பு என்றால் மிக அதிகம். தண்ணீர் என்றால் போகவே கூடாது. புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம்வரை, மொத்த விலை குறைவாக வரும் வழியைக் கணினி தேடும். டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1959-இல் வெளியிட்ட முறை அது. இன்றைக்கு உங்கள் போனில் வழி காட்டும் மேப்புக்கும் அடிப்படை அதுவே.

அப்பாவுக்கு இதை விளக்க அவள் ரொம்ப யோசிக்கவில்லை. "காரவள்ளியிலிருந்து நேரா மேல ஏறுனா தூரம் கம்மி. ஆனா வண்டி ஏறாது. அதனாலதானே எழுபது வளைவு போட்டாங்க? செங்குத்துக்கு ஒரு விலை வச்சா, வளைஞ்சு போறது லாபம்னு வருது. அதே கணக்குதான்."

"அப்போ நம்ம ரோடு போட்டவனும் உன் ஆளுதான்" என்றார்.

மெதுவாகப் போக ஒரு காரணம்

சில ஞாயிறுகளில் அவரே விஷயம் கேட்பார். பனிக்கட்டி எவ்வளவு தடிமன் இருந்தால் லாரி போகும் என்று ஒருநாள் கேட்டார். தடிமன் இரண்டு மடங்கானால் தாங்கும் எடை ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்று அவள் சொன்னாள். ஆனால் கடல் பனிக்கட்டியில் சின்னச் சின்னக் குழிகளில் உப்புத் தண்ணீர் சிக்கியிருக்கும் என்பதால், ஏரிப் பனிக்கட்டியைவிட அது பலம் குறைவு. நீரோட்டம் வேகமாக ஓடும் குறுகலான இடங்களில், எவ்வளவு குளிர் அடித்தாலும் கட்டி மெலிசாகவே இருக்கும். மேலே பனித்தூள் மூடியிருக்கும்.

"புல் மூடுன பள்ளம்" என்றார் அப்பா.

அவருக்கு மிகவும் பிடித்த கதை லடோகா ஏரிக் கதை. இரண்டாம் உலகப்போரில் லெனின்கிராடு நகரம் முற்றுகையில் சிக்கிப் பட்டினி கிடந்தபோது, 1941 நவம்பரில் உறைந்த லடோகா ஏரியின் மேல் லாரிகளில் மாவு கொண்டுபோனார்கள். கட்டி தாங்கும் என்று கணக்குச் சொன்ன இடத்திலும் சில லாரிகள் மூழ்கின. காரணம் எடை மட்டும் அல்ல, வேகமும்தான் என்று பிறகு அளந்து கண்டுபிடித்தார்கள். வண்டி போகும்போது பனிக்கட்டி கொஞ்சம் அமுங்கும். அடியில் இருக்கும் தண்ணீரில் ஓர் அலை கிளம்பும். அந்த அலையின் வேகமும் வண்டியின் வேகமும் ஒன்றாகிவிட்டால் அலை பெரிதாகிக்கொண்டே போய்க் கட்டியை உடைத்துவிடும். ஐந்து மீட்டர் ஆழமுள்ள தண்ணீரில் அந்த ஆபத்தான வேகம் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர்.

அப்பா இதைச் சந்தையில் பழைய டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை.

"நம்ம ஊரு ஆளுங்க யாராச்சும் பனியில வண்டி ஓட்டறாங்களா?" என்றும் ஒருமுறை கேட்டார். அண்டார்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையம் இருக்கும் இடம் பனிவிளிம்பிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே என்றும், கப்பலில் வரும் டீசலையும் சாமான்களையும் சங்கிலிப்பட்டை வண்டிகள் வரிசையாக இழுத்துப் போகும் என்றும் அவள் சொன்னாள். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, ஏதோ தன் சொந்தக்காரர்கள் ஓட்டுவது போல.

அழித்துவிட்ட தடங்கள்

'வண்டி திரும்ப இடம் இருக்குதா?' என்று அப்பா கேட்ட பிறகு வந்த ஏப்ரலில், மகள் கேம்பிரிட்ஜ் பே போனாள். ஊரின் வேட்டைக்காரப் பெரியவர் ஒருவர் அவளைத் தன் சறுக்குவண்டியில் உட்காரவைத்து நீரிணைக்குள் அழைத்துப் போனார். கணினி போட்ட பச்சைக் கோடு அவள் கையிலிருந்த கருவியில் இருந்தது. முதல் ஒரு மணி நேரம் பெரியவர் கிட்டத்தட்ட அந்தக் கோட்டிலேயே போனார். அவளுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

இரண்டு வரப்புகளுக்கு நடுவே ஒரு சந்து வந்தது. சமதளம்தான். கணினிக் கணக்கில் மிகக் குறைந்த விலை. பெரியவர் வண்டியை நிறுத்தினார். இறங்கி, ஒரு பனிப்பாறை மேல் ஏறி நின்று வெகுநேரம் பார்த்தார். கையிலிருந்த ஈட்டிக் கம்பால் கட்டியைத் தட்டினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வண்டியை வந்த வழியே கொண்டுபோய், ஒன்றரை கிலோமீட்டர் சுற்றி வேறு பக்கமாக ஏறினார்.

மாலையில் டீ குடிக்கும்போது அவள் காரணம் கேட்டாள். பன்னிரண்டு அடிச் சறுக்குவண்டியைக் கயிற்றில் கட்டி இழுக்கும்போது பின்னால் எடுக்க முடியாது என்றார். சந்தின் மறுமுனை அடைபட்டிருந்தால், சாமானை எல்லாம் இறக்கி, கயிற்றை அவிழ்த்து, கையால் தூக்கித் திருப்ப வேண்டும். நல்ல வெயிலில், இரண்டு ஆள் இருந்தால் முடியும். காற்று கிளம்பிவிட்டால் முடியாது.

சோளக்காட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அப்பா கேட்டதும் அதுதானே!

அறைக்குத் திரும்பி அவள் பழைய கோப்புகளைத் திறந்தாள். அவளுடைய கணக்கு சரியா என்று சோதிக்க, ஊர்க்காரர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு போய்வந்த பயணத் தடங்களை அனுமதி வாங்கிச் சேர்த்து வைத்திருந்தாள். நூற்றுக்கணக்கான தடங்கள். அவற்றில் சில நேராகப் போகாமல், ஓரிடத்தில் போய் நின்று, சுழன்று, திரும்பி வந்திருந்தன. தொடங்கிய புதிதில் அவற்றைக் கருவியின் பிழை என்று நினைத்து, 'சுத்தம்' செய்யும்போது நீக்கிவிட்டாள். போய்ச் சேர்ந்த தடங்களை மட்டும் கணினிக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். கணினிக்குத் தெரிந்த டிரைவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தவர்கள். திரும்பி வந்த ஒருவனைக்கூட அது பார்த்ததே இல்லை.

நீக்கிய தடங்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மணி இரவு பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு சுழலும் யாரோ ஒருவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்த இடம். அவளுக்கு அப்போது ஓர் ஓடை நினைவுக்கு வந்தது.

ஐப்பசி ராத்திரி

அவளுக்கு அப்போது 11 வயது. ஐப்பசி மழை நாலு நாளாக விடவில்லை. அம்மாவின் அப்பா, அவளுடைய தாத்தா, நெஞ்சு வலி என்று சுருண்டு படுத்துவிட்டார். தாத்தாவின் ஊர் மண் தடத்தின் கடைசி முனை. ராத்திரி பத்து மணிக்கு அப்பா ஜீப்பைக் கொண்டுபோனார். தாத்தாவைப் பின்னால் படுக்கவைத்து, அம்மா, மாமா, அத்தை, பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் ஏறிக்கொண்டார்கள்.

பாதி வழியில் அந்த ஓடை. வெயில் காலத்தில் கணுக்கால் நனையாது. அன்று ஹெட்லைட் வெளிச்சத்தில் பழுப்பாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. அப்பா வண்டியை நிறுத்தி, டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். மூங்கில் கழியை ஊன்றிப் பார்த்தார். கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தார், கீழே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "போவாது" என்றார்.

மாமா கத்தினார். "எங்கப்பா சாவக் கெடக்கறாரு, போவாதுங்கற? போர் வீல் போட்டு ஏத்துய்யா!" அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பா பதில் சொல்லாமல், அந்த இருட்டில், மழையில், வண்டியைத் திருப்பினார். தண்ணீர் வடியட்டும் என்று தாத்தாவின் வீட்டிலேயே காத்திருந்தார்கள். விடிவதற்குள் தாத்தா போய்விட்டார்.

காலை ஏழு மணிக்கு அதே ஓடையை ஒரு பைக் கடந்து வந்தது. மாமாவால் மறக்க முடியாமல் போனது அதுதான். பைக் போன இடத்தில் ஜீப் போகாதா என்று ஊர் முழுக்கக் கேட்டார். காரியம் முடிந்த பிறகு அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து எதிலும் அப்பாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சந்தையில் சிலர் அப்பாவை 'ரிவர்ஸ் கியர்' என்று கூப்பிட்டதும் உண்டு. அவளும் உள்ளுக்குள் மாமா பக்கம்தான் இருந்தாள். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பாவும் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்தக் கேள்வியும் பதிலும்

கேம்பிரிட்ஜ் பேயிலிருந்து அந்த ஞாயிறு அவள் போன் செய்தபோது, நேராக அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். பெரியவர் சந்தில் போகாமல் திரும்பியதைச் சொன்னாள். நீக்கிவிட்ட தடங்களைச் சொன்னாள். பிறகு, "அப்பா, தாத்தாவைக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு… நீங்க திரும்புனது சரின்னு உங்களுக்குத் தோணுதா?" என்று கேட்டாள்.

வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் போனைப் பார்த்தாள்.

"தெரியல கண்ணு" என்றார். "பதினேழு வருஷமா யோசிக்கறேன். போயிருந்தா ஒருவேளை போயிருக்கலாம். அந்தப் பக்கத்துக் கரை அரிச்சிருந்துச்சு, எவ்வளவுன்னு இருட்டுல தெரியல. கழி ஊனுனா அடியில கல்லு நகருது. நடுவுல வண்டி நின்னா பின்னால எடுக்க முடியாது. தாத்தாவ மட்டும் வச்சிருந்தா ஏத்தியிருப்பனோ என்னவோ."

"வேற யாருக்காகப்பா?"

"உங்கம்மா, உங்க மாமன், அத்த, அந்தப் பையன்…" ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே வந்தார். "அப்புறம் நீ."

அவள் அந்தக் கணக்கில் தன்னைச் சேர்த்ததே இல்லை. தாத்தாவின் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. பாதம் சில்லென்று இருந்தது நினைவிருக்கிறது. ஆனால் இத்தனை வருடமும் அந்த ஜீப்பை வெளியிலிருந்து பார்ப்பது போலவே பார்த்திருக்கிறாள்.

அதற்கு மேல் இருவரும் அன்று எதுவும் பேசவில்லை. "குளுருக்குக் கால்ல உறை போட்டுக்க" என்று சொல்லிவிட்டு அவர் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

இன்னொரு எண்

மகள் தன் கணக்கில் இப்போது ஒரு எண்ணைக் கூட்டியிருக்கிறாள். ஒவ்வொரு கட்டத்துக்கும், 'இதற்கு மேல் வழி இல்லை என்றால், வண்டியைத் திருப்பக்கூடிய இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?' என்ற எண். சந்துகளில் அது ஏறும், திறந்த வெளியில் இறங்கும். இழுத்துப் போகும் சறுக்குவண்டியின் நீளத்தைக் கொடுத்தால் அதற்குத் தகுந்தபடி மாறும். நீக்கிய தடங்களைத் திரும்பச் சேர்த்து, யார் எங்கே திரும்பினார்கள் என்று தனியாகக் குறித்திருக்கிறாள். புதிய பச்சைக் கோடு பழையதைவிட நீளம். சில இடங்களில் ரொம்பவே சுற்றுகிறது. பெரியவரிடம் காட்டியபோது, அவர் இரண்டு இடத்தில் விரல் வைத்து இது வேண்டாம் என்றார், மீதியைப் பார்த்துத் தலையாட்டினார்.

2023 ஆகஸ்ட்டில் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியபோது சோளக்காட்டில் எல்லோரும் டி.வி. முன்னால்தான் இருந்தார்கள். இறங்கும் வண்டியையும் ஊர்தியையும் பூமியில் சோதித்துப் பார்க்க, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறையைப் பொடித்த மண்தான் உதவியது என்று பேப்பரில் வந்ததை அப்பா வெட்டி வைத்திருக்கிறார். அதே ஊர்தி, 26 கிலோ எடையுள்ள பிரக்யான், ஆகஸ்ட் 27 அன்று நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்றை மூன்று மீட்டர் முன்னாலேயே பார்த்து, வந்த தடத்திலேயே திரும்பி வேறு வழியில் போனது. மகள் அந்தப் படத்தை இப்போது தேடி எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். நிலா மண்ணில் இரண்டு சக்கரத் தடங்கள் போய்விட்டுத் திரும்பும் படம். அவர் அதைப் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார்.

இந்தத் தைப் பொங்கலுக்கு மகள் ஊருக்கு வந்தாள். வந்த மறுநாள் அம்மாவோடு தாத்தாவின் ஊருக்குப் போனாள். அப்பாதான் ஓட்டினார். ஓடையின் மேல் இப்போது சின்னதாகப் பாலம் கட்டியிருக்கிறார்கள். மாமா வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் பனிக்கடல் படங்களைக் காட்டினாள். மாமா தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுழன்று திரும்பும் தடங்களைக் காட்டி, இவர்கள் எல்லாம் திரும்பி வந்தவர்கள், இவர்களை நான் முதலில் அழித்துவிட்டேன் என்று அவள் சொன்னபோது, அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கிளம்பும் நேரத்தில் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள" என்றார் மாமா. பதினேழு வருடத்தில் முதல்முறை. "அன்னைக்கு அந்த இருட்டுல, அந்தக் குறுகல்ல, ஆறு பேர வச்சுக்கிட்டு எப்படிய்யா வண்டியத் திருப்புன?"

அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"பலாமரத்துக்கிட்ட ஒரு பத்தடி எடம் இருந்துச்சுங்க மச்சான்" என்றார். "போவும்போதே பாத்து வச்சிருந்தேன்."